பவளத்தில் வெள்ளைத் திட்டு: நோயா, பூச்சியா, வெப்பமா? கடலைக் காப்பாற்ற தொட்டிக்குள் நடக்கும் துப்பறியும் வேலை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, ஐயோவா மாநிலங்களுக்குக் கடற்கரையே கிடையாது. ஆனா, அங்குள்ள உயிரியல் பூங்காக்களிலும் அருங்காட்சியகங்களிலும் கண்ணாடித் தொட்டிகளுக்குள் கடல் பவளங்களை வைத்துப் பராமரித்திருக்கிறார்கள். அவை வேடிக்கை பார்க்க வைத்த பவளங்கள் இல்லை. புளோரிடா கடலில் ஒரு கொள்ளைநோய் பரவியபோது, அது வந்து சேர்வதற்கு முன்பே பெயர்த்து எடுத்துக் காப்பாற்றப்பட்டவை.

இந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களை பயமுறுத்தும் காட்சி ஒன்று உண்டு. நேற்று வரை நிறமாக இருந்த பவளத்தில், இன்று காலை நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அது நோயா? ஏதாவது புழு கடித்ததா? தண்ணீர் சூடாகிவிட்டதா? கேள்வி சின்னதுதான். பதில் தப்பானால், கடலில் அழிந்துபோன ஒரு இனத்தின் கடைசி மாதிரிகளில் ஒன்று போய்விடும்.

வெள்ளைத் திட்டை வைத்து காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம்ம மன்னார் வளைகுடாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

புளோரிடாவில் என்ன நடந்தது?

2014 செப்டம்பரில் மயாமி நகருக்கு அருகே, வர்ஜீனியா கீ என்ற பகுதியில்தான் இந்த நோய் முதலில் கவனிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'ஸ்டோனி கோரல் டிஷ்யூ லாஸ் டிசீஸ்' என்று பெயர். தமிழில் சொன்னால், கல் பவளத் திசு இழப்பு நோய். பெயரிலேயே விஷயம் இருக்கு: பவளத்தின் மேல் இருக்கும் உயிருள்ள சதை உரிந்துபோய், கீழே இருக்கும் சுண்ணாம்புக் கூடு மட்டும் மிஞ்சும்.

புளோரிடாவின் பவளப்பாறைத் தொடர் சுமார் 560 கிலோமீட்டர் நீளம். மயாமி அருகே தொடங்கிய நோய் வடக்கிலும் தெற்கிலும் பரவி, 2021இல் தொடரின் தென்மேற்கு முனையான டிரை டார்ட்டுகாஸ் வரை போய்விட்டது. இதற்குள் புளோரிடாவைத் தாண்டி, 2018இல் மெக்சிகோவின் கரீபியன் கரையிலும், 2019இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளிலும் தலைகாட்டியது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் பாலஸ்ட் நீர் வழியாகவும் பரவியிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு.

இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களை இந்த நோய் தாக்குகிறது. எளிதில் பாதிக்கப்படும் இனம் என்றால், ஒரு முழுப் பவளக் கூட்டமும் சில வாரங்களிலேயே செத்துவிடும். ஒரு சென்டிமீட்டர் வளரவே வருடங்கள் எடுக்கும் பவளங்களும் இதில் அடக்கம். பாட்டன் காலத்தில் முளைத்தது, பள்ளிக்கூட விடுமுறை முடிவதற்குள் காலி.

அதிகம் அடிவாங்கியது தூண் பவளம். கடலடியில் தூண் தூணாக எழுந்து நிற்பதால் அந்தப் பெயர். புளோரிடா கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியவை தாமாக இனம் பெருக்க முடியாத நிலைக்குப் போய்விட்டன. 2022இல் ஐயூசிஎன் அமைப்பு இதை 'மிக அருகிய இனம்' பட்டியலுக்கு மாற்றியது.

தொட்டிக்கு ஏன் கொண்டுபோனார்கள்?

வீட்டில் தீப்பிடித்தால் முதலில் குழந்தைகளை வெளியே தூக்கிக்கொண்டு வருவோம் இல்லையா, அதே யோசனைதான். 2018 முதல், நோய் இன்னும் எட்டாத பகுதிகளில் இருந்து ஆரோக்கியமான பவளங்கள் எடுக்கப்பட்டு, பல மாநிலங்களில் உள்ள உயிரியல் பூங்காக்களுக்கும் மீன் காட்சியகங்களுக்கும் அனுப்பப்பட்டன. ஆர்லாண்டோ நகரில் இதற்கென்றே தனி மீட்பு மையமும் வந்தது.

இது வெறும் பாதுகாப்புப் பெட்டகம் இல்லை. 2019 ஆகஸ்டில் தம்பாவில் உள்ள புளோரிடா அக்வேரியத்தில், செயற்கை நிலா வெளிச்சம், பருவத்துக்கேற்ற வெப்பநிலை எல்லாம் கொடுத்து, ஆய்வகத்திலேயே தூண் பவளத்தை முட்டையும் விந்தணுவும் வெளியிட வைத்தார்கள். லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து செய்த முயற்சி அது. அங்கே பிறக்கும் குட்டிப் பவளங்களை ஒருநாள் கடலுக்குத் திருப்பி அனுப்புவதுதான் இலக்கு.

ஆனா, தொட்டி என்பது இருமுனைக் கத்தி. கடலில் ஒரு புழு பவளத்தைத் தின்ன வந்தால், அந்தப் புழுவைத் தின்ன ஒரு மீன் வரும். தொட்டியில் அந்த மீன் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்த ஒரு முட்டை போதும், மொத்தத் தொட்டியும் காலியாக. அதனால்தான் வெள்ளைத் திட்டைச் சரியாகப் படிக்கத் தெரிவது இங்கே உயிர் காக்கும் வேலை ஆகிறது.

முதல்ல ஒரு அடிப்படை: பவளம்னா என்ன?

நகைக்கடையில் மோதிரத்துக்கு விற்கும் சிவப்புப் பவளமும், பாறை கட்டும் பவளமும் ஒன்றல்ல. தூரத்து உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம். பாறை கட்டும் பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் கூட்டம் அது. அவை தங்களுக்குக் கீழே சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. பெரிய பாறை மாதிரி தெரிந்தாலும், உயிர் இருப்பது மேலே போர்த்திய மெல்லிய சதையில் மட்டும்தான்.

அந்தச் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வைத்து உணவு தயாரித்து, பெரும்பங்கை பவளத்துக்கே கொடுக்கின்றன. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறத்தில் பெரும்பகுதி இந்தக் குடித்தனக்காரர்களால் வருவதுதான். கூட்டின் சொந்த நிறமோ வெள்ளை.

ஆக, வெள்ளை தெரிகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கு. நுண்பாசி வெளியேறியிருக்கணும், அல்லது சதையே போயிருக்கணும்.

வெள்ளையா இருந்தா எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். முக்கியமாக மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

*வெளுப்பு:* தண்ணீர் அதிகம் சூடானால் பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது சதை கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் வெள்ளைக் கூடு தெரியும். ஆனா சதை அங்கேயேதான் இருக்கு. உற்றுப் பார்த்தால் பாலிப்புகளும் கொடுக்குகளும் தெரியும். வெளுத்த பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

*கடி:* ஏதோ ஒன்று சதையைத் தின்றிருக்கிறது. இதில் கூடு வெறுமையாக இருக்கும். கடித்த இடத்தின் ஓரம் வளைந்து வளைந்து, பிஸ்கட்டைக் கடித்த மாதிரி இருக்கும். பக்கத்திலோ அடியிலோ திருடன் பெரும்பாலும் ஒளிந்திருப்பான். கிளி மீன் என்றால் சதையோடு கூட்டையும் சேர்த்துச் சுரண்டிய தடம் இருக்கும்.

*நோய்:* இதிலும் கூடு வெறுமைதான். ஆனா எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். உயிருள்ள சதையை ஒட்டி பளீர் வெள்ளை. அதற்கு அடுத்து, சில நாள் முன்பு செத்த இடத்தில் லேசாகப் பச்சை படிந்திருக்கும். அதற்கும் அடுத்து, வாரக்கணக்கில் பழைய இடத்தில் தடித்த பாசி. மரத்தின் வளையத்தைப் பார்த்து வயது சொல்வது போல, இந்த நிறப்பட்டைகளைப் பார்த்தே நோய் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஊகிக்கலாம்.

புளோரிடா நோயில் இன்னொரு சிக்கல் உண்டு. அதை உண்டாக்கும் கிருமி எது என்று இன்னும் உறுதியாகவில்லை. பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து வேலை செய்வதால் பாக்டீரியாவுக்குப் பங்கு இருக்கிறது என்கிறார்கள். நுண்பாசியைத் தாக்கும் வைரஸாக இருக்கலாம் என்ற ஆய்வும் உண்டு. கிருமியே தெரியாததால், 'பாசிட்டிவ், நெகட்டிவ்' என்று சொல்லும் பரிசோதனையும் கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் முடிவு.

அப்போ எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? புண்ணின் தோற்றம், பரவும் வேகம், இவற்றோடு எந்த இனம் முதலில் விழுகிறது என்ற வரிசை. தூண் பவளம், புதிர்ப்பாதை போன்ற மேற்பரப்பு கொண்ட மேஸ் பவளம், மூளைப் பவள வகைகள் சில ஆகியவை முதலில் போகும். நட்சத்திரப் பவளங்கள் கொஞ்சம் தாமதமாக விழும். மான்கொம்புப் பவளத்தை இந்த நோய் தாக்குவதாகத் தெரியவில்லை. எனவே ஓரிடத்தில் மான்கொம்பு மட்டும் சாகிறது என்றால் வேறு காரணத்தைத் தேடணும்.

புளோரிடாவின் மான்கொம்புப் பவளத்துக்கு எமனாக வந்தது இன்னொன்று: 2023 கடல் வெப்ப அலை. புளோரிடா கீஸ், டிரை டார்ட்டுகாஸ் பகுதிகளில் அக்ரோபோரா வகைப் பவளங்களில் 97.8 முதல் 100 சதவீதம் வரை செத்துவிட்டதாக, 2025 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. ஒரே கடலில் இரண்டு எமன்கள். பலியானவையோ வேறு வேறு இனங்கள்.

தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் எதிரிகள் யார் யார்?

பூச்சி என்று பொதுவாகச் சொன்னாலும் இவற்றில் எதுவும் ஆறுகால் பூச்சி இல்லை. முக்கியமானவற்றை மட்டும் பார்ப்போம்.

*தட்டைப்புழு:* அக்ரோபோரா வகைப் பவளத்தை மட்டும் தின்னும் புழு. பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் நேருக்கு நேர் பார்த்தாலும் கண்ணில் படாது. காட்டிக்கொடுப்பது அதன் கடித் தடம்: வெளிறிய, வட்டமான சின்னப் புள்ளிகள். இன்னொரு தடயம், கிளையின் அடியில் சதை இல்லாத இடத்தில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிற முட்டைக் கொத்து.

இந்தப் புழுவுக்குச் சுவாரஸ்யமான ஒரு வரலாறு இருக்கு. 2011இல் அறிவியல் பெயர் வைக்கப்பட்டபோது அது தொட்டிகளில் மட்டுமே தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டுதான் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், அதாவது அசல் கடலில், கண்டுபிடிக்கப்பட்டது. பவளத் தொட்டி வைத்திருந்தவர்கள் கடல் ஆய்வாளர்களுக்கு முன்பே இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

*ஓடில்லா கடல் நத்தை:* மான்டிபோரா என்ற, தட்டு தட்டாக வளரும் பவளத்தைத் தின்பது. சில மில்லிமீட்டர் நீளம்தான், வெள்ளை நிறம். தட்டின் அடிப்பக்கத்தில் ஒளிந்துகொண்டு ஓரத்தில் இருந்து தின்னும். தின்ற இடமும் வெள்ளை, தின்றதும் வெள்ளை என்பதால் கண் ஏமாந்துபோகும். பவள வணிகத்தில் பல காலமாகத் தொல்லை கொடுத்த இதற்கு முறையான அறிவியல் பெயர் கிடைத்ததே 2020இல்தான்.

*செம்புள்ளிப் பூச்சி:* அரை மில்லிமீட்டர் அளவுள்ள, இறால் குடும்பத்துத் தூரத்துச் சொந்தம். மஞ்சள் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி. இது வந்தால் பெரிய வெள்ளைத் திட்டு விழாது. நிறம் மங்கும், பாலிப்புகள் சரியாக விரியாது, வளர்ச்சி நிற்கும். நாய்களுக்கு இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுக்கும் மில்பெமைசின் மருந்தால் கொல்ல முடியும். ஆனா அதே மருந்து தொட்டியில் இருக்கும் இறால், நண்டுகளையும் சேர்த்தே கொன்றுவிடும்.

*பழுப்புக் கூழ்:* பவளத்தின் மேல் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். செத்துக்கொண்டிருக்கும் சதையைத் தின்னும் நுண்ணுயிரிகள் அதில் மொய்த்துக் கிடக்கும். துர்நாற்றமும் வரும். பக்கத்துப் பவளத்துக்கும் வேகமாகத் தாவும்.

*வேகத் திசு உரிதல்:* இதில் திருடனே கிடையாது. காலையில் நன்றாக இருந்த பவளம் மறுநாளைக்குள் தோல் உரிந்த மாதிரி வெறும் கூடாகிவிடும். வெப்பநிலையோ தண்ணீரின் காரத்தன்மையோ திடீரென்று மாறுவது, பயண அலைச்சல், பாக்டீரியா என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. இந்த நேரத்தில் புழுவைத் தேடிக்கொண்டு இருந்தால் பவளம் போய்விடும். சதை இன்னும் நன்றாக இருக்கும் நுனிகளை உடனே வெட்டித் தனித் தொட்டியில் வைத்தால், அந்தத் துண்டாவது பிழைக்க வாய்ப்பிருக்கு.

சரி, எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

அனுபவமுள்ளவர்கள் பின்பற்றும் வரிசை ஏறக்குறைய இதுதான்:

1. *சதை இருக்கா, இல்லையா?* உருப்பெருக்கி வைத்துப் பார்க்கணும். பாலிப் இருந்தால் வெளுப்பு. இல்லாவிட்டால் திசு இழப்பு.

2. *ஓரம் எப்படி இருக்கு?* வட்டப் புள்ளிகளோ கடித்த வளைவோ என்றால் பூச்சியைத் தேடு. நேர்க்கோடாகவோ பட்டையாகவோ நகர்ந்தால் நோயைச் சந்தேகி.

3. *எங்கே தொடங்கியது?* அடியிலா, நுனியிலா, நடுவிலா? வெளிச்சம் படும் பக்கம் மட்டுமா?

4. *எவ்வளவு வேகம்?* தினமும் ஒரே கோணத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து ஒப்பிடணும். மணிக்கணக்கா, நாள்கணக்கா, வாரக்கணக்கா என்பது பாதி விடையைச் சொல்லிவிடும்.

5. *எந்த இனம் பாதிக்கப்பட்டிருக்கு?* ஒரே வகை மட்டும் என்றால், அந்த வகையைத் தின்னும் பூச்சியாக இருக்கலாம். எல்லா வகையும் ஒரே நேரத்தில் என்றால் தண்ணீரைச் சோதிக்கணும்.

6. *ராத்திரி என்ன நடக்குது?* பல திருடர்கள் விளக்கு அணைந்த பிறகுதான் வெளியே வருவார்கள். டார்ச் வைத்துப் பார்க்கணும். பகலில் என்றால் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் கிளைகள் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால், ஒட்டியிருக்கும் தட்டைப்புழு கழன்று விழும்.

புதிதாக வரும் எந்தப் பவளமும் நேராகப் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது என்பதுதான் பொன்விதி. முதலில் தனித் தொட்டி. அயோடின் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் தட்டைப்புழுவையும் கடல் நத்தையையும் பிரிக்கலாம். ஆனா முட்டை அதுக்கெல்லாம் சாகாது. முட்டைக் கொத்தைச் சுரண்டி எடுக்கணும், பொரிந்து வருவதைப் பிடிக்க வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப முக்கணும். ஒரு முறை முக்கிவிட்டு 'முடிஞ்சுது' என்று நினைத்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஆறு கோடு போட்ட ராஸ் மீன், பெப்பர்மின்ட் இறால் போன்றவை தட்டைப்புழுவைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கும் என்று சோதனைகளில் தெரிந்திருக்கு. ஆனா அவற்றை மட்டும் நம்பினால் முழுசாக ஒழியாது.

மருந்து இருக்கா?

புளோரிடா நோய்க்கு, நம்ம வீட்டில் தொண்டை வலிக்குக் கொடுக்கும் அதே அமாக்சிசிலின்தான் இப்போதைக்குக் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம். அதை ஒரு பசையில் குழைத்து, நீச்சல் வீரர்கள் கடலுக்குள் இறங்கி ஒவ்வொரு புண்ணிலும் கையால் பூசுகிறார்கள். பூசிய புண் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனா அதே பவளத்தின் இன்னொரு மூலையில் புதுப் புண் வரலாம். மறுபடி இறங்கணும், மறுபடி பூசணும். இப்படி 560 கிலோமீட்டருக்கும் செய்வது நடக்கிற காரியமா? கடலில் ஆன்டிபயாட்டிக் கலப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகுமோ என்ற கவலையும் இருக்கு.

அதனால் வேறு வழியும் தேடுகிறார்கள். ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள், நோயை எதிர்த்து நின்ற ஒரு நட்சத்திரப் பவளத்தில் இருந்து நல்ல பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். நம்ம தயிரில் இருக்கும் நல்ல கிருமி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நோய் வந்த 22 பவளத் துண்டுகளில் சோதித்தபோது 68.2 சதவீதத்தில் நோய் நின்றது அல்லது வேகம் குறைந்தது என்று 2023இல் வெளியான அவர்களின் ஆய்வு சொல்கிறது. இது ஆய்வகக் கணக்கு. கடலில் எப்படி என்பது தனிக் கேள்வி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பசையால் வெளுத்த பவளத்துக்கோ, நத்தை தின்ற பவளத்துக்கோ துளிப் பயன் இல்லை. வெளுப்புக்குத் தேவை குளிர்ச்சியும் நிழலும். நத்தைக்குத் தேவை இடுக்கி. முதலில் நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம்.

மன்னார் வளைகுடாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

புளோரிடா நோய் இதுவரை அட்லாண்டிக், கரீபியன் கடல்களின் பிரச்சினைதான். ஆனா, வெள்ளையைப் படிக்கும் அதே கலை நமக்கும் தேவைப்படுகிறது.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி நம்ம பவளப்பாறைகள் இருக்கின்றன. அந்தக் கரையோர மீனவர்கள் இவற்றை 'பார்' என்று சொல்வார்கள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. 2010, 2016, 2024 ஆண்டுகளில் இங்கே வெளுப்பு ஏற்பட்டது.

வெள்ளை மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. பாக் நீரிணைப் பகுதியில் உயிருள்ள பவளத்தின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் படர்ந்து மூச்சை அடைக்கும் ஒரு கடற்பஞ்சு பதிவாகியிருக்கு. குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுக் கடல்பாசி பவளத்தின் மேல் படர்ந்ததை 2008இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இதையெல்லாம் 'வெப்பத்தால் செத்தது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், கையால் அகற்றிச் சரிசெய்யக்கூடியதும் கைவிடப்பட்டுவிடும்.

இடமும் முக்கியம். பவளம் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீன் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உண்டு, புளோரிடாவில் கிடையாது. அங்கே நத்தை, நெருப்புப்புழு, கிளி மீன் ஆகியவற்றைத்தான் சந்தேகப்படுவார்கள். ஒரு ஊர் பட்டியலை அப்படியே இன்னொரு ஊருக்கு எடுத்துப்போக முடியாது.

வீட்டுத் தொட்டியில பவளம் வைக்கலாமா?

யூடியூபில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வி கேட்பவர்கள் பலர். நம்ம நாட்டில் பாறை கட்டும் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பட்டியல். கடலில் இருந்து எடுப்பது, விற்பது எல்லாம் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். வெளிநாட்டுக் கல் பவளங்களும் சைட்டீஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. கடைக்காரர் 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்' என்று சொன்னால் நம்பி வாங்கிவிட வேண்டாம்.

கடலில் நீந்தும்போதோ, கண்ணாடிப் படகில் போகும்போதோ பவளத்தில் வெள்ளை தெரிந்தால், தொடாமல் படம் எடுங்கள். இடமும் தேதியும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். சில நாள் கழித்து அதே இடத்தை யாராவது மறுபடி பார்க்கும்போது, அந்த வெள்ளை நகர்ந்ததா இல்லையா என்று சொல்ல உங்கள் படம்தான் உதவும். நெப்ராஸ்காவில் ஒரு தொட்டியின் முன் நிற்பவர் தினமும் எடுக்கும் படத்துக்கும் அதே வேலைதான்.